பாரிஸா, ரோமா: ஆறு இரவுக்கு எங்கே அதிகம் செலவாகும்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "பாரிஸுக்கு ஆகும் செலவில் பாதி இருந்தால் ரோமைப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். மே மாதம் மூன்று பேர் போகலாம் என்றிருக்கிறோம். ஒரு நகரத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. பாதி என்பது உண்மையா?"

12 ஜனவரி 2025

பாதி என்பது உண்மையில்லை. நாங்களும் அதே மே மாதத்தில்தான் போகிறோம். நான், அக்கா, 69 வயதான அம்மா. பாரிஸில் ஆறு இரவு, ரோமில் ஆறு இரவு. மூவர் தங்கும் மூன்று நட்சத்திர அறைகளை இரண்டு ஊரிலும் தேடிப் பதிவு செய்துவிட்டேன். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தின் அருகே ஓர் இரவுக்கு 131 யூரோ. ரோமில் தெர்மினி ரயில் நிலையத்தின் அருகே 142 யூரோ. ரோம்தான் அதிகம். இது யூபிலி ஆண்டு. கத்தோலிக்கர்களுக்கு 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் புனித ஆண்டு, கடந்த டிசம்பர் 24 அன்று தொடங்கிவிட்டது. திருப்பயணிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

ஆனால் நகருக்குள் சுற்றுவதற்கு ரோம் மலிவு. ரோமில் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். பாரிஸில் இந்த ஜனவரி 1 முதல் மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ. விமான நிலையத்துக்குப் போக 13 யூரோ. போக்குவரத்தில் பாரிஸ் நிச்சயம் நம் பையைக் காலி செய்யும்.

14 ஜனவரி 2025

மேலே கடைசி வரியில் எழுதியது தவறு. அவசரப்பட்டுவிட்டேன்.

பாரிஸில் நாவிகோ என்ற வாரச் சீட்டு இருக்கிறது. 31.60 யூரோ. எல்லா மண்டலங்களுக்கும் செல்லும், விமான நிலைய ரயிலுக்கும் செல்லும். கணக்கைப் பாருங்கள்: விமான நிலையம் போக, வர மட்டுமே 26 யூரோ. அதற்கு மேல் 5.60 யூரோ சேர்த்தால் வாரம் முழுதும் மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாம் கிடைக்கிறது. அட்டைக்குத் தனியாக 5 யூரோவும் ஒரு சிறிய புகைப்படமும் வேண்டும். அட்டையை அடுத்த முறையும் பயன்படுத்தலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, நாம் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. நடப்பு வாரத்துக்கான சீட்டு வியாழன் வரைதான் கிடைக்கும். சனிக்கிழமை இறங்கி வெள்ளிக்கிழமை திரும்புகிறவர்களுக்கு இந்தச் சீட்டு பாதிதான் பயன்படும். அதனால் எங்கள் பயணத் தேதியையே மாற்றினேன். மே 12 திங்கள் காலை பாரிஸ், மே 18 ஞாயிறு மாலை ரோம்.

எந்த ஊர் மலிவு என்று கேட்பதற்கு முன் எந்தக் கிழமை இறங்குகிறோம் என்று கேளுங்கள். இதை யாரும் சொல்வதில்லை.

2 பிப்ரவரி 2025

விசா பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ. எந்த நாட்டின் வழியாகப் போனாலும் இதே கட்டணம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமான நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டில். எங்களுக்கு ஆறும் ஆறும் என்பதால் பிரான்ஸ்.

27 ஏப்ரல் 2025

இந்த வாரம் வீட்டில் இரண்டு துக்கம். ஒப்பிடக்கூடாதுதான், ஆனாலும் இரண்டையும் எழுதுகிறேன்.

21ஆம் தேதி திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் காலமானார். நேற்று அடக்கம். அம்மா தொலைக்காட்சி முன்னாலிருந்து எழவே இல்லை. எங்கள் ஊர் தூத்துக்குடி. 2022 மே 15 அன்று இதே பிரான்சிஸ்தான் புனித பேதுரு சதுக்கத்தில் நம் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அன்றும் அம்மா இப்படித்தான் தொலைக்காட்சி முன் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். ரோமுக்குப் போக வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இரண்டாவது, ரோமில் நாங்கள் ஜனவரியில் பதிவு செய்த விடுதி, "பராமரிப்புப் பணி" என்று ஒரு வரி எழுதி எங்கள் பதிவை ரத்து செய்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அதே அறை, அதே தேதிகளில், ஏறத்தாழ இரண்டு மடங்கு விலைக்கு விற்பனையில் இருக்கிறது. பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் மூன்று மாதம் நம்பியிருந்தோமே! நான்கு தெரு தள்ளி வேறொரு விடுதியில் இரவுக்கு 189 யூரோ என்று பிடித்திருக்கிறேன். ஆறு இரவுக்கு 1,134. பாரிஸில் 786.

பாதிச் செலவில் ரோம் என்று சொன்னவர்கள் இந்த ரசீதைப் பார்க்க வேண்டும்.

13 மே 2025, பாரிஸ்

படிக்கட்டுகள். மெட்ரோவில் இவ்வளவு படிக்கட்டுகள் இருக்கும் என்று எந்தச் செலவுப் பட்டியலிலும் படித்ததில்லை. 14ஆம் தடம் தவிர மற்றவற்றில் லிஃப்டை நம்பிப் போகாதீர்கள். நேற்று ஒரே நாளில் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது.

16 மே 2025, பாரிஸ்

முந்தைய குறிப்புக்கு மாற்று மருந்து கிடைத்தது: பஸ். பாரிஸ் பஸ்கள் தாழ்ந்த தளம் கொண்டவை, ஏறுவது எளிது. அதே வாரச் சீட்டு செல்லும். 38ஆம் எண் பஸ் எங்கள் விடுதி அருகிலிருந்து சேன் நதியைக் கடந்து போகிறது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நகரத்தையே பார்த்துவிட்டார். மெட்ரோவில் போயிருந்தால் சுரங்கத்தின் சுவரைத்தான் பார்த்திருப்பார். மோன்மார்த் குன்றில் சாக்ரே கேர் பேராலயத்துக்கு ஏற இழுவை ரயில் இருக்கிறது. அதற்கும் இந்தச் சீட்டே.

அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணம்: லூவ்ர் 22, ஓர்சே 16. மூவருக்கும் 114 யூரோ. நோத்ர தாம் பேராலயம் தீ விபத்துக்குப் பிறகு கடந்த டிசம்பரில் திறந்தார்கள், கட்டணம் கிடையாது. ஈஃபில் கோபுரத்தில் நாங்கள் ஏறவில்லை. லிஃப்டில் உச்சி வரை போக ஒருவருக்கு 36 யூரோவுக்கு மேல். ட்ரோகாதெரோ மேடையிலிருந்து பார்த்தோம். கோபுரத்தில் ஏறினால் கோபுரம் தெரியாது என்றார் அம்மா, அது சரிதான்.

சாப்பாடு. காலையில் பேக்கரியில் நீள ரொட்டியும் வெண்ணெயும், மதியம் எங்காவது ஒன்று, இரவில் லாச்சப்பல். கார் து நோருக்குப் பின்னால் தமிழ்ப் பெயர்ப் பலகைகளாகவே இருக்கும் தெரு அது. இலங்கையிலிருந்து போரால் வந்தவர்கள் நாற்பது ஆண்டுகளில் கட்டியெழுப்பியது. தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. முதல் நாள் கடைக்காரர் அம்மாவைப் பார்த்து, "நீங்கள் இந்தியாவோ, அம்மா?" என்று கேட்டார். தூத்துக்குடி என்றதும், தன் தகப்பனார் தோணியில் அங்கு வந்து போனவர் என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். மூவருக்கும் ஒரு நாள் சாப்பாடு சராசரியாக 78 யூரோ ஆகிறது. லாச்சப்பல் இல்லாவிட்டால் நூறைத் தாண்டியிருக்கும்.

சொல்ல மறந்தது: பாரிஸ் உணவகங்களில் குடுவைத் தண்ணீர் இலவசம். "கராஃப் தோ" என்று கேளுங்கள். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் புட்டி வரும், அதற்கு விலை வரும்.

19 மே 2025, ரோம்

நேற்று மாலை வந்தோம். புதிய திருத்தந்தை பதினான்காம் லியோவின் பணியேற்புத் திருப்பலி நேற்றுக் காலைதான் நடந்து முடிந்திருந்தது. தெர்மினி முழுக்கக் கொடிகளும் முதுகுப் பைகளும்.

விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஒருவருக்கு 14 யூரோ, 32 நிமிடம். அதே விமான நிலையத்திலிருந்து 8 யூரோவில் சாதாரண ரயிலும் உண்டு, ஆனால் அது தெர்மினிக்கு வராது. த்ராஸ்தேவெரே, ஓஸ்தியென்ஸே, திபுர்த்தினா பக்கம் தங்குகிறவர்களுக்கு அதுதான் சரி.

விடுதி மேசையில் நகர வரி கேட்டார்கள். மூன்று நட்சத்திரத்துக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. மூவர், ஆறு இரவு: 108. பதிவு செய்த தொகையில் இது அடங்காது. பாரிஸிலும் இந்த வரி உண்டு, எங்களுக்கு நூறு யூரோவை ஒட்டி வந்தது. அறை வாடகையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

வரி கட்டும்போது அட்டை இயந்திரம், "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டது. நம் பணம் என்றதும் அக்கா பாசத்தோடு ரூபாயை அழுத்திவிட்டாள். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிற்று. எந்த ஊரிலும், எந்த இயந்திரத்திலும் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைத்ததே சட்டம்.

20 மே 2025, ரோம்

காபி. கவுண்டரில் நின்று குடித்தால் எஸ்பிரெஸ்ஸோ 1.20 யூரோ. அதையே நவோனா சதுக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் 5 யூரோ. முழங்கால் வலி உள்ளவரை எப்படி நிற்கவைப்பது? அதனால் எங்களுக்கு உட்காரும் விலைதான். இளைஞர்கள் எழுதும் "ரோமில் காபி ஒரு யூரோ" என்பதை முதியவர்களோடு போகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீருக்குச் செலவே இல்லை. தெருவெங்கும் இரும்புக் குழாய்கள். வளைந்த மூக்கு போல இருப்பதால் நாசோனி, பெரிய மூக்கு, என்று பெயர். 1870களில் தொடங்கியவை, நகரில் சுமார் 2,500 இருக்கின்றன. இரவும் பகலும் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் ஓடிப் போவதைப் பார்க்க அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. குடம் வைத்து வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் நாங்கள்.

22 மே 2025, ரோம்

இன்று செலவு: பூஜ்யம். இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த நாளும் இதுவே.

எங்கள் விடுதியிலிருந்து பத்து நிமிட நடை, சாந்தா மரியா மஜோரே. ரோமின் நான்கு பெரிய பேராலயங்களில் ஒன்று. பிரான்சிஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், அவரைப் பார்க்கத்தான் போனோம். கல்லறையில் பெயர் மட்டும்: ஃப்ரான்சிஸ்குஸ். பட்டமில்லை, அலங்காரமில்லை. வரிசையில் ஒன்றரை மணி நேரம். அம்மா ஒருமுறைகூடக் காலைப் பற்றிப் பேசவில்லை.

வெளியே வரும்போது அக்கா பலகை ஒன்றைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தாள். நான்காம் நூற்றாண்டில், ஆகஸ்ட் 5 அன்று, கோடை வெயிலில் இந்த எஸ்குவிலினோ குன்றின்மேல் பனி பெய்ததாம். பனி பெய்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது மரபு. இன்றும் ஆகஸ்ட் 5 அன்று உள்கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைப் பனிபோலத் தூவுகிறார்கள்.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஆகஸ்ட் 5 எங்கள் தூத்துக்குடிப் பனிமய மாதா திருநாள். ஊரில் பழையவர்கள் தஸ்நேவிஸ் மாதா என்பார்கள், போர்த்துகீசியர் காலத்துப் பெயர். பனி என்றால் மார்கழிப் பனி என்றே அறுபது ஆண்டுகளாக நினைத்திருந்தாராம். "நம்ம மாதா வீடு இங்கேதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனார். மறுபடியும் வரிசை, மறுபடியும் ஒன்றரை மணி நேரம்.

செலவுக் கணக்கு எழுதும் இடத்தில் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். ரோமில் ஆலயங்களுக்குக் கட்டணம் இல்லை. புனித பேதுரு பேராலயத்துக்கும் இல்லை. இதுவும் கணக்குதான். விதிவிலக்கு பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கட்டடம். அது ஆலயமாக இருந்தாலும் 2023 ஜூலை முதல் 5 யூரோ.

8 ஜூன் 2025

ஊர் திரும்பி ரசீதுகளைக் கூட்டினேன். மூவருக்கு, ஆறு இரவுக்கு, யூரோவில்.

பாரிஸ்: அறை 786, நகர வரி 99, போக்குவரத்து 110, நுழைவு 114, சாப்பாடு 468. மொத்தம் 1,577.

ரோம்: அறை 1,134, நகர வரி 108, போக்குவரத்து 154, நுழைவு 144, சாப்பாடு 366. மொத்தம் 1,906.

ஒவ்வொரு டிக்கெட்டும் 1.50 யூரோ என்றாலும் போக்குவரத்தில் ரோம் மிஞ்சிவிட்டது. காரணம் விமான நிலையம். வந்தபோது ரயிலுக்கு 42. திரும்பும்போது அம்மாவுக்காக டாக்சி, பழைய மதில்களுக்குள் எங்கிருந்தும் 55 என்று நிர்ணயித்த கட்டணம். நகருக்குள் 38 டிக்கெட்டுக்கு 57. பாரிஸில் வாரச் சீட்டும் அட்டையும் சேர்த்தே 110.

நுழைவில் கொலோசியம் 18, வத்திக்கான் அருங்காட்சியகம் முன்பதிவோடு 25, பாந்தியன் 5. கொலோசியம் டிக்கெட்டுகள் அதிகாரபூர்வ தளத்தில் 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த உடனே தீரும். தீர்ந்ததும் இடைத்தரகர்கள் மும்மடங்கு கேட்பார்கள். இப்படி டிக்கெட்டுகள் மாயமாவது குறித்து இத்தாலியின் போட்டி ஆணையம் இந்த ஏப்ரலில்தான் ஏறத்தாழ 20 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. தேதியைக் குறித்து வைத்து, திறக்கும் நிமிடத்தில் உட்கார்ந்து வாங்கினேன்.

10 ஜூன் 2025

"அப்படியானால் ரோம்தான் விலை அதிகமான ஊர் என்று எழுதிவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். இரண்டு நாள் யோசித்தேன், என் கணக்கே நியாயமில்லை.

அந்த 189 யூரோ ரோமின் விலையில்லை. ஒரு திருத்தந்தை மறைந்து இன்னொருவர் பொறுப்பேற்ற மாதத்தின் விலை. ஜனவரியில் பிடித்த 142 யூரோ அறை கையில் இருந்திருந்தால் ரோமின் மொத்தம் 1,624. பாரிஸுக்கும் அதற்கும் வித்தியாசம் 47 யூரோ. மூன்று பேருக்கு, ஆறு நாளுக்கு! இதே போல 2024 ஒலிம்பிக் நாட்களில் பாரிஸ் மெட்ரோ டிக்கெட்டை 4 யூரோ ஆக்கினார்கள். அந்த வாரத்தை வைத்துப் பாரிஸை எடைபோட்டால் அதுவும் அநியாயம்.

நாங்கள் ஈஃபில் ஏறியிருந்தால் பாரிஸில் நூறு யூரோவுக்கு மேல் கூடியிருக்கும். அப்போது பாரிஸ் மேலே, ரோம் கீழே. இவ்வளவு மெல்லிய கோட்டில்தான் இரண்டும் நிற்கின்றன.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: லூவ்ரிலும் கொலோசியத்திலும் 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இலவசம். ஓர்சேயும் கொலோசியமும் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், கூட்டத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தால்.

11 ஜூன் 2025

விமானம் பற்றி விட்டுப்போனது. பாரிஸிலிருந்து ரோமுக்கு மிக மலிவான டிக்கெட் போவே விமான நிலையத்திலிருந்து காட்டியது. போவே பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். வாரச் சீட்டு அங்கே செல்லாது, தனி பஸ் பிடிக்க வேண்டும். நாங்கள் ஓர்லி விமான நிலையத்திலிருந்து கிளம்பினோம், 14ஆம் தட மெட்ரோவே உள்ளே கொண்டுபோய் விடுகிறது, லிஃப்டும் உண்டு. டிக்கெட் விலையில் 26 யூரோ கூடுதல். அந்த 26 யூரோ அரை நாளையும் ஒரு முழங்காலையும் மிச்சப்படுத்தியது.

24 செப்டம்பர் 2025

ஜனவரியில் நான் அறை தேடியபோது ஒரு யூரோ 90 ரூபாயை ஒட்டி இருந்தது. இன்று 103ஐத் தாண்டி நிற்கிறது. இரண்டு ஊரிலும் சேர்த்து நாங்கள் செலவழித்தது 3,483 யூரோ. பழைய விலையில் 3 லட்சத்து 13 ஆயிரம். இன்றைய விலையில் கிட்டத்தட்ட 3 லட்சத்து 59 ஆயிரம். ஒரே பயணம், 45,000 ரூபாய் வித்தியாசம்! பாரிஸா ரோமா என்று நான் மாதக்கணக்கில் மல்லாடிய 47 யூரோ இதற்கு முன்னால் எம்மாத்திரம். போவது உறுதி என்றால் அறையையும் நுழைவு டிக்கெட்டையும் விலை சரியாக இருக்கும்போதே யூரோவில் கட்டிவிடுங்கள்.

20 ஜனவரி 2026

பழைய எண்களை நம்பி யாரும் போய்விடக்கூடாது என்பதற்காக இந்தத் திருத்தம். லூவ்ரில் இந்த ஜனவரி 14 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. நம்மவர்களுக்கு ஒரே நாளில் பத்து யூரோ ஏற்றம். பராமரிப்புக்குப் பணம் தேவை என்பது புரிகிறது, ஆனால் தொலைவிலிருந்து வருகிறவன் அதிகம் கட்ட வேண்டும் என்பது எனக்கு வலிக்கிறது. ஏற்கெனவே அதிகம் கட்டித்தான் அவ்வளவு தூரம் வருகிறான். பாரிஸ் மெட்ரோ 2.55, விமான நிலையம் 14. ரோமில் பிப்ரவரியிலிருந்து ட்ரெவி நீரூற்றின் அருகே இறங்க 2 யூரோ, மேலே நின்று பார்க்க இலவசம். யூபிலி ஆண்டு இம்மாதம் 6ஆம் தேதி முடிந்துவிட்டது. தெர்மினி பக்கம் மே மாதத்து மூவர் அறைகள் மீண்டும் 140க்குக் கீழே தெரிகின்றன. இன்று என்னைக் கேட்டால் ரோம் என்பேன்.

25 ஜனவரி 2026

ஆகஸ்டில் ரோம் எப்படி என்று கேட்டவருக்கு: அறை விலை மே மாதத்தைவிட இறங்கும். வெயில் கடுமை. 15ஆம் தேதியை ஒட்டி ஊர்க்காரர்களே கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை சுற்றுங்கள், பிறகு மாலையில்.

இதை நான் தேடியது உங்களுக்காக மட்டும் இல்லை. இந்த ஆண்டு ஆகஸ்ட் 5 புதன்கிழமை வருகிறது. சாந்தா மரியா மஜோரே அருகே அன்றைக்கு இரண்டு பேருக்கு அறை 104 யூரோ. அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே நாளில் இங்கே ஊரில் திருவிழா நடக்குமே, அதை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். இன்னும் பதிவு செய்யவில்லை.